காவல் நின்ற கடா: படுவான்கரை எருமைப் பட்டியொன்றில் கன்று குறைந்தமை பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்கள் முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில் மேயும் எருமைப் பட்டியொன்றில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கன்றுகள் குறைந்தன. ஈன்று பழகிய பெண் எருமைகள் 40 நின்ற அந்தப் பட்டியில், மாரி முடிவதற்குள் இருபதுக்கு மேற்பட்ட கன்றுகளை எண்ணுவது வழக்கம் என்று பட்டிக்காரர் சொன்னார். முதலாம் ஆண்டில் 13 கன்றுகளும், இரண்டாம் ஆண்டில் 8 கன்றுகளுமே பிறந்திருந்தன. பட்டிக்கு உடையவரான போடியார், எருமைகள் மலடாகிவிட்டன என்று முடிவுசெய்து அரைவாசியை இறைச்சிக்கு விற்க விலையும் பேசிவிட்டார். எவற்றை விற்கலாம் என்று குறித்துக் கொடுப்பதற்காகத்தான் என்னை அழைத்தார். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தப் பக்கத்துப் பட்டிகள் பலவற்றை நான் அறிவேன்.

நான் எந்த எருமையையும் குறிக்கவில்லை. ஒரு பட்டியில் கன்று குறைந்தால் முதலில் பெண் எருமைமீது பழி விழுவது எங்கள் பகுதியில் நெடுநாள் வழக்கம். விற்றவுடன் கையில் காசு வருவதும், கடாவை விற்க யாருக்கும் மனம் வராததும் அதற்குக் காரணங்கள். இந்தப் பட்டியின் கடா பத்து வயதைக் கடந்தது, கொம்புகள் பின்னோக்கி வளைந்து அகன்றது. அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வருவார்கள். அதன் பெயரில் போடியாருக்கு ஒரு மதிப்பு இருந்தது.

முதலில் தீவனத்தைப் பார்த்தோம். பெரும்போக வெள்ளாமை வயலில் நிற்கும் மாதங்களில் பட்டிகளை மேட்டுநிலத்துக்கும் காட்டோரத்துக்கும் சாய்ப்பதும், அறுவடை முடிந்தபின் வயலுக்குள் இறக்குவதும் இங்குள்ள ஒழுங்கு. அந்த மேட்டுநிலம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளைக் காப்பாற்றித் தரும்படி கேட்டு 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டத்தை அறியாதவர் இம்மாவட்டத்தில் இல்லை. மேய இடம் குறைந்தால் எருமை மெலியும். மெலிந்த எருமை, அதிலும் கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பது, பருவத்துக்கு வரப் பிந்தும். ஆகவே தீவனக் குறைவே காரணம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஆனால் ஜனவரி மழை ஓய்ந்த அந்த வாரத்தில் எருமைகளின் முதுகும் இடுப்பெலும்பும் மூடித்தான் இருந்தன. விலா எலும்பு எண்ணக்கூடியதாக நின்றவை ஐந்தாறு மட்டுமே.

அடுத்தது நோய். புரூசெல்லோசிஸ் எனப்படும் கருச்சிதைவு நோய் கிழக்கில் மாட்டிலும் எருமையிலும் உள்ளது. அது பெரும்பாலும் சினையின் கடைசி மாதங்களில் கருவை விழுத்தும்; காய்ச்சாத பால் வழியாகவும், விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் கையால் தொடுவதன் வழியாகவும் மனிதருக்குத் தொற்றும். பட்டிக்காரர் கரு விழுந்து கண்டதில்லை என்றார். காட்டோரப் பட்டியில் விழுந்த கருவை விடியுமுன் நரி தின்றுவிடும் என்பதால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி இருக்க முடியவில்லை. கால்நடை வைத்தியர் இரத்தம் எடுத்து ரோஸ் பெங்கால் சோதனை செய்தார். எந்த எருமையிலும் நோய் காட்டவில்லை.

அதே நாளில், வீரைக் கம்புகளால் அமைத்த ஒடுக்கத்துக்குள் எருமைகளை ஒவ்வொன்றாக விட்டு, மலவாசல் வழியாகக் கருப்பையையும் சூலகங்களையும் வைத்தியர் தொட்டறிந்தார். சினையாக நின்றவை சில மட்டுமே. மற்றவற்றுள் பெரும்பாலானவற்றில், முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உண்டாகும் மஞ்சட்சடலம் கைக்கு அகப்பட்டது. அதாவது முட்டை வெளியேறுகிறது, சுழற்சி நடக்கிறது, கருப்பையும் நல்ல நிலையில் இருக்கிறது. ஆயினும் சினை இல்லை. மலடு என்று விலை பேசப்பட்ட எருமைகள் ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் பருவத்துக்கு வந்து, வீணே திரும்பிக்கொண்டிருந்தன என்பது அன்று மாலை தெளிவாயிற்று. விற்பனையை இரண்டு மாதம் தள்ளிவைக்கப் போடியார் ஒத்துக்கொண்டார்.

வாடியில் கழித்த இரவுகள்

எருமையின் பருவம் மாட்டினுடையதைப் போல வெளிப்படையானது அல்ல. பசுக்கள் ஒன்றன்மீது ஒன்று ஏறிக் காட்டிக்கொடுக்கும். எருமைகள் அப்படிச் செய்வது அரிது. கத்தல் குறைவு, கோழை ஒழுகுவதும் குறைவு, வேட்கை எழுவதும் பெரும்பாலும் வெயில் தணிந்த இரவிலும் விடிகாலையிலுமே. வியர்வைச் சுரப்பிகள் குறைந்த கறுத்த உடம்பு பகலெல்லாம் சேற்றுக் குட்டைக்குள் கிடப்பதால், பகலில் வந்துபோகும் உத்தியோகத்தருக்கு எதுவும் தென்படாது. செயற்கைமுறைச் சினைப்படுத்தல் எருமையில் மாட்டில் அளவுக்குப் பயன் தராமைக்கு இது ஒரு முக்கிய காரணம். பருவத்தை அறிவதில் கடாவை விஞ்சிய கருவி இல்லை. அதனால் கடாவைப் பார்ப்பதற்காக ஐந்து இரவுகள் பட்டி வாடியில் தங்கினேன்.

மூன்றாம் நாள் விடியப்புறம் கண்டது இது. பட்டியின் ஓரத்தில் வலக்காதில் இரட்டை வெட்டுள்ள எருமையொன்று மற்றவற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி விலகி நின்றது. கிழக்கடா அதன் பின்புறத்தை முகர்ந்தது. எருமை மூத்திரம் பெய்ததும் அதை மூக்கில் ஏற்றி, கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. பிறகு அதன் பக்கத்திலேயே உடலோடு உடல் ஒட்டி நின்றுகொண்டது. அவ்வெருமை நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. பட்டியில் பிறந்து வளர்ந்த இளங்கடாக்கள் இரண்டு சற்றுத் தொலைவில் சுற்றிச்சுற்றி வந்தன. அவற்றில் ஒன்று நெருங்கியபோது கிழக்கடா உடம்பின் முழு நீளமும் தெரியும்படி குறுக்கே திரும்பியது, கொம்பைக்கூட அசைக்கவில்லை. இளங்கடா தலையைத் தாழ்த்தி விலகியது. ஒரு மணி நேரத்துக்குப் பின் கிழக்கடா தாடையை எருமையின் இடுப்பில் வைத்து அழுத்தியது; எருமை வாலை ஒதுக்கி அசையாது நின்றது. கடா முன்னங்கால்களைத் தூக்கியது. பாரம் முழுவதும் பின்னங்கால்களுக்கு வந்த கணத்தில் இடது பின்கால் மடங்கிச் சரிந்தது, இறங்கிவிட்டது. மீண்டும் முயன்றது, மீண்டும் சரிந்தது. அதன்பின் முயலவில்லை, ஆனால் விலகவும் இல்லை. வெயில் ஏறி எருமை குட்டைக்குள் இறங்கும்வரை அதன் பக்கத்திலேயே நின்றது.

"அவன் காவல்தான் நிக்கிறான் ஐயா. வேலையும் இல்ல, மத்தவனையும் கிட்ட விடுறானில்ல" என்றார் பட்டிக்காரர். இதை எப்போதிருந்து காண்கிறீர்கள் அண்ணன் என்று கேட்டேன். கால், வாய் நோய் (காலிலும் வாயிலும் புண் வைக்கும் தொற்றுநோய்) வந்துபோன ஆண்டிலிருந்து என்றார். போடியாரிடம் சொல்லவில்லையா என்றதற்கு, "அந்தக் கடாவைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வரல்ல" என்று மட்டும் சொன்னார்.

காலைப் பிணைத்துப் பார்த்தபோது இடது பின்குளம்பு பிளந்து, ஒருபக்கம் நீண்டு வளைந்து, குளம்பிடையில் பழைய புண் ஆறிய தடிப்பு இருந்தது. கால், வாய் நோயின் காய்ச்சல் கடாவின் விந்தையும் கெடுக்கும்; ஆனால் அந்தக் கெடுதி இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். காலில் விட்டுச்சென்ற ஊனம் அப்படி ஆறவில்லை. சமதரையில் நடக்கையில் நொண்டல் தெரியாத அளவில் இருந்தது என்பதே இத்தனை நாள் அது மறைந்திருந்ததற்குக் காரணம்.

பைசன் மந்தைகள் காட்டும் வழக்கு

அன்று கண்டதற்கு, வேறொரு கண்டத்தில், வேறொரு விலங்கில் மிக நுணுக்கமாக எழுதப்பட்ட விளக்கம் உண்டு. வட அமெரிக்காவின் பைசன் என்னும் காட்டு விலங்கு எங்கள் எருமைக்கு நெருங்கிய இனம் அல்ல. மாட்டுக்கே கிட்டிய உறவு. எங்கள் காடுகளில் குழுவன் என்று சொல்லப்படும் காடேறிய எருமையுடனும் அதைக் குழப்பக்கூடாது. ஆனால் கூட்டத்தில் கடா நடந்துகொள்ளும் முறையில் இரண்டுக்கும் ஒற்றுமை பெரிது.

பைசன் கடாக்கள் ஆண்டின் பெரும்பகுதியில் பெண்களை விட்டுத் தனித்தோ சிறு கூட்டமாகவோ திரிகின்றன. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் பெண் மந்தைக்குள் வந்து கலக்கின்றன. அப்போது ஒரு கடா பருவத்துக்கு வரும் பெண்ணொன்றைத் தேர்ந்து, அதன் பக்கத்தில் இணையாக நின்று, வேறு கடா அணுகாதபடி மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் காக்கும். உறுமும், மண்ணில் மூத்திரம் பெய்து அதிலேயே புரளும், எதிரி வந்தால் முதலில் பக்கவாட்டில் திரும்பி உடம்பின் பருமனைக் காட்டும். அதற்கும் அடங்காதவனோடுதான் தலையோடு தலை மோதும். புணர்ச்சி சில வினாடிகளே. அந்தச் சில வினாடிகளுக்காகக் கடா மேய்ச்சலை மறந்து, பருவகாலம் முடிகையில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழந்திருக்கும். மூன்று வயதில் இனம்பெருக்கும் ஆற்றல் இருந்தும், ஆறேழு வயதுக்கு முன் பெரும்பாலான கடாக்களுக்கு வாய்ப்புக் கிட்டுவதில்லை. மொன்டானாவின் தேசிய பைசன் புகலிடத்தில் டேல் லொட் என்ற ஆய்வாளர் அவதானித்து 1979இல் வெளியிட்ட ஆய்வில், மேல்நிலையில் உள்ள கடாக்களே அதிகம் புணர்கின்றன என்று காட்டினார்.

மேல்நிலை என்பது மற்றவனை விலக்கும் வலிமை. அது கருத்தரிக்கச் செய்யும் ஆற்றலுக்குச் சான்று அல்ல. இயற்கையில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே கடாவில் சேர்ந்திருப்பதற்குக் காரணம், வலுவிழந்த கடாவை அடுத்த பருவத்திலேயே இன்னொன்று தோற்கடித்துவிடும் என்பதுதான். நெப்ராஸ்காவின் நயோபிராரா புகலிடத்தில் மேகன் வைமனும் மற்றவர்களும் செய்து 2008இல் வெளிவந்த ஆய்வில், மிக உரத்து உறுமிய கடாக்களைவிடத் தணிந்த ஒலியில் உறுமியவையே கூடுதலான பெண்களைச் சேர்ந்து, கூடுதலான கன்றுகளுக்குத் தந்தையாயின என்று தெரிந்தது. ஆரவாரம் வேறு, பயன் வேறு என்பதைக் காட்டிலேயே அளந்து பார்த்த ஆய்வு அது.

எங்கள் பட்டியில் இயற்கையின் அந்தத் திருத்தம் நடக்கவில்லை. கடாக்கன்றுகளில் பெரும்பாலானவை மூன்று வயதுக்குள் விற்கப்படும்; எஞ்சிய இரண்டும் மூன்றரை வயதினவை. அடிபட்டாலும் பத்து வயதுக் கடாவை வீழ்த்த அவற்றால் இயலாது. பைசன் மந்தையில் ஏழெட்டு வயதுக் கடாக்கள் பல வரிசையில் நிற்கும். இங்கே அந்த இடைத் தலைமுறையே இல்லை. போட்டியை நாம் விற்றுவிட்டோம், தோற்க வேண்டியதை வைத்துக்கொண்டோம். இரண்டு ஆண்டுகளில் பிறந்த 21 கன்றுகள், ஒரே இரவில் இரண்டு மூன்று எருமைகள் பருவத்துக்கு வந்து கிழக்கடா ஒன்றைக் காத்து நிற்கையில் இளங்கடாக்கள் மற்றவற்றை அடைந்ததால் கிடைத்தவை என்றே கருதுகிறேன்.

அப்படியானால் கிழக்கடாவை நீக்கி இளங்கடாக்களை விட்டால் போதுமே என்று போடியார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இரண்டும் கிழக்கடாவின் பிள்ளைகள்; பட்டியின் நாகுகளில் (இன்னும் ஈனாத இளம் பெண் எருமைகளில்) பாதிக்கு மேல் அதற்கே பிறந்தவை. ஒரு பட்டியில் எத்தனை தலைகள் நிற்கின்றன என்பதற்கும், மரபுக் கணக்கில் அது எத்தனை தலைகளுக்குச் சமம் என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. சுவல் ரைட் என்ற மரபியலாளர் தந்த சூத்திரப்படி, ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, வரும் தொகையை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 40 எருமைக்கு 1 கடா என்றால் விடை ஏறத்தாழ 4. நாற்பத்தொரு தலைகள் நின்றாலும், இரத்தம் கலப்பதைப் பொறுத்தவரை அது நான்கு தலைப் பட்டிதான். ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கலப்பு, அதாவது இரத்த உறவுக்குள்ளேயே நடக்கும் கலப்பு, ஏறத்தாழ 13 வீதம் கூடும். கடாக்கள் 3 என்றால் விடை 11. உட்கலப்புக் கூடுவது 4.5 வீதமாக இறங்கும். இந்தக் கணக்கைப் போடியாரின் திண்ணையில் சோக்கட்டியால் எழுதிக் காட்டினேன். அவர் நெல் வட்டிக் கணக்கில் வல்லவர்; உடனே பிடித்துக்கொண்டார்.

உட்கலப்பு என்ன செய்யும் என்பதற்கும் பைசனே சான்று. கோடிக்கணக்கில் திரிந்த அவ்விலங்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழே வேட்டையாடப்பட்டது. டெக்சாசில் சார்ள்ஸ் குட்நைட் என்ற பண்ணையாளர் அப்போது காப்பாற்றிய சில தலைகளின் வழித்தோன்றல்கள் பின்னர் மாநில அரசின் மந்தையாயின. வெளியிரத்தம் இல்லாமல் நூறாண்டு பெருகிய அந்த மந்தையில் மரபு வேறுபாடு குன்றி, பிறப்புக் குறைந்து, கன்றுச் சாவு மிகுந்தது. 2003இல் வேறொரு மந்தையிலிருந்து மூன்று கடாக்கள் கொண்டுவந்து விடப்பட்ட பின்னரே அது மீண்டது.

செய்தது

கிழக்கடா பட்டியை விட்டு நீக்கப்பட்டது. போடியார் அதை விற்கவில்லை. வீட்டு வளவில் கட்டிவைத்துத் தீனி போடுகிறார். அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை, பட்டிக்குள் போகாதிருந்தால் போதும். இளங்கடாக்கள் இரண்டும் வேறு பட்டிகளுக்கு மாற்றாகப் போயின. பதிலுக்கு வாகரைப் பக்கத்திலிருந்து ஒன்றும், அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு கடாக்கள், இரத்தச் சோதனையும் வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் பெற்று, பெப்ரவரி நடுப்பகுதியில் வந்தன. இரண்டையும் ஒரே கூட்டத்தில் விட்டால் மேல்நிலைக்காரன் மற்றதை மறிப்பான் என்பதால், பட்டியை இரண்டாகப் பிரித்து இரண்டு மாட்டுக்காலைகளில் அடைத்தோம். எருமை பழகிய துணையை விட்டுப் பிரியாது. முதல் வாரம் பட்டிக்காரரும் அவருடைய மகனும் இரவெல்லாம் வேலி காத்தார்கள். தாயையும் மகளையும் பிரிக்காமல் பங்கிட்ட பின்னரே அவை அடங்கின. அந்த உறவு வரிசையெல்லாம் பட்டிக்காரருடைய மனத்தில் இருந்ததே தவிர, எந்தப் பதிவேட்டிலும் இருக்கவில்லை.

எருமையின் சினைக்காலம் ஏறத்தாழ 310 நாட்கள். டிசெம்பர் கடைசி வாரத்தில் முதலாவது கன்று விழுந்தது. மார்ச் முடிவுக்குள் 24 கன்றுகள் பிறந்தன. அந்த ஆண்டு மழையும் நன்றாகப் பெய்தது, வயல் தாளும் நிறையக் கிடைத்தது. ஆகவே முழுப் பெருமையையும் கடா மாற்றத்துக்கே கொடுப்பது முறையாகாது. எனினும், முன்னைய ஆண்டில் உடல்நிலை நன்றாக இருந்தும் சினைப்படாத எருமைகளே இப்போது ஈன்றவற்றுள் பெரும்பாலானவை.

ஆனால் இனப்பெருக்க வெற்றியைப் பிறப்போடு எண்ணி நிறுத்த முடியாது. முதலில் பிறந்த கன்றுகளில் நான்கு, மூன்றாம் நான்காம் வாரங்களில் வயிறு ஊதி, நாற்றமடிக்கும் வெளிறிய கழிச்சலோடு செத்தன. ஒன்றின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது சிறுகுடல் முழுவதும் வெள்ளை நாக்குப்பூச்சி, முறுக்கிய நூல்போல அடைத்துக் கிடந்தது. இப்புழுவின் குடம்பிகள் தாயின் உடலில் உறங்கிக் கிடந்து, ஈன்ற முதல் நாட்களில் பால் வழியாகக் கன்றுக்குப் போகின்றன. எவ்வளவு துப்புரவான காலையில் கட்டினாலும் தப்பாது. பிறந்த இரண்டாம் வாரத்தில் பைரன்டெல் மருந்தை ஒருமுறை கொடுத்தால், புழு முட்டையிடும் பருவத்தை அடையுமுன் அழிந்துவிடும். அதன்பின் பிறந்த ஒவ்வொரு கன்றுக்கும் பட்டிக்காரரின் மகன் நாள் எண்ணிக் கொடுத்தார். அந்தக் குறியோடு ஒன்றும் சாகவில்லை.

இன்னுமொரு கன்று பட்டினியால் செத்தது. சட்டித் தயிருக்கு விலை ஏறியிருந்த நாட்கள் அவை. கறப்பவர் நான்கு காம்பிலும் ஒட்டக் கறந்துவிட்டுக் கன்றை அவிழ்த்திருக்கிறார். ஒரு காம்பைக் கன்றுக்கென்று தொடாமல் விடும் பழைய வழக்கத்தை நினைவூட்ட வேண்டியிருந்தது. கறவைக் கூலியை லீற்றர் கணக்கில் கொடுக்கும்வரை இந்தச் சிக்கல் தீராது என்று போடியாரிடம் வெளிப்படையாகச் சொன்னேன். மாதச் சம்பளமாக மாற்ற அவர் இசைந்தார். பால் மறந்து புல்லில் நின்றவை 19 கன்றுகள்.

பட்டிக்காரரின் மகன் இப்போது ஒரு சீயார் கொப்பியில் எழுதிவருகிறார்: எருமையின் காதுவெட்டு, கடா அதன் பக்கத்தில் நின்ற நாள், ஏறியதைக் கண்ட நாள், ஈன்ற நாள், மருந்து கொடுத்த நாள். கடா நின்ற நாளுக்கும் ஏறிய நாளுக்கும் தனித்தனி நிரல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வாகரைக் கடாவுக்கும் திருக்கோவில் கடாவுக்கும் பிறந்த நாகுகள் மூன்று வயதை நெருங்குகையில் பருவத்துக்கு வரத் தொடங்கும். அதற்குமுன் இரண்டு கடாக்களும் போக வேண்டும். திருக்கோவில் பட்டிக்காரர் அந்த ஆண்டு சித்திரை முடிந்ததும் தன் கடாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறொன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாகரைக் கடாவுக்குப் பதிலாள் இன்னும் பார்க்கவில்லை.